சிங்கப்பூர் சம்பளம்: கணக்கு உங்கள் பெயரில், அட்டை உங்கள் கையில்

ஜொகூர் பாலத்தைத் தாண்டி வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே நம் பிள்ளைகளிடம் நிறுவனம் கேட்பது வங்கிக் கணக்கு எண். கையில் இருப்பதோ பேங்க் சிம்பானான் நேஷனல் அல்லது மேபேங்க் மலேசியக் கணக்கு. அது ரிங்கிட் கணக்கு. சிங்கப்பூர் நிறுவனங்கள் சம்பளம் போடுவது சிங்கப்பூர் வங்கிக் கணக்கில். அந்த இடைவெளியில்தான், “என் கணக்கில் போடச் சொல்லு தம்பி, நான் எடுத்துத் தர்றேன்” என்று ஒருவர் வந்து நிற்பார். ஆள் எடுத்துக்கொடுத்த ஏஜென்டாக இருக்கலாம், மேற்பார்வையாளராக இருக்கலாம், ஒரே அறையில் தங்கியிருக்கும் ஊர்க்காரராகவும் இருக்கலாம். நல்ல எண்ணத்தில் சொல்பவர்களும் உண்டு. யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சம்பளம் இன்னொருவர் கணக்கில் விழுந்தால், உங்களுக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதற்கு உங்களிடம் சான்று இல்லை. மாதச் சம்பளம் 1,800 வெள்ளி என்று மனிதவள அமைச்சிடம் சொல்லிவிட்டு 1,400 வெள்ளி கொடுத்தாலும், நாளை நீங்கள் புகார் செய்யும்போது காட்ட ஒரு தாள் இருக்காது. உங்கள் பெயரில் கணக்கு இருந்தால் மாதாமாதம் வங்கி அறிக்கையே சாட்சி. (இக்கட்டுரையில் வெள்ளி என்றால் சிங்கப்பூர் வெள்ளி, மலேசியப் பணத்தை ரிங்கிட் என்றே குறிப்பிடுகிறோம்.)

என்னென்ன வேண்டும்

சிங்கப்பூரில் வேலை அனுமதி உள்ள வெளிநாட்டவர் கணக்கு திறப்பது பெரிய வித்தை அல்ல. ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ், எம்பிளாய்மண்ட் பாஸ் எதுவாக இருந்தாலும் வங்கிகள் பொதுவாகக் கேட்பவை மூன்று: கடப்பிதழ், வேலை அனுமதி, குடியிருக்கும் முகவரிக்கான சான்று. வேலை அனுமதி அட்டை கைக்கு வருமுன் மனிதவள அமைச்சின் கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதம் கிடைக்கும். சில வங்கிகள் அந்தக் கடிதத்தை வைத்தே கணக்கு திறக்கும், சில அட்டை வந்த பிறகு வரச் சொல்லும். பேருந்துக்கும் வரிசைக்கும் அரை நாள் செலவழித்துப் போகுமுன் வங்கிக்குப் பேசிக் கேட்டுவிடுங்கள்.

அந்த ஒப்புதல் கடிதத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்வது இன்னொரு வகையிலும் உதவும். ஒர்க் பெர்மிட் என்றால் உங்கள் அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் ஆகியவை அதில் இருக்கும். வங்கியில் விழும் தொகையை எதனோடு ஒப்பிடுவது என்றால், அதனோடுதான்.

அனுமதி வந்ததும் உங்களுக்கு ஃபின் எனப்படும் வெளிநாட்டவர் அடையாள எண் கிடைக்கும். எஃப், ஜி அல்லது எம் எழுத்தில் தொடங்கும் எண் அது. 2022 முதல் புதிதாக வருபவர்களுக்கு எம். நம் நாட்டில் அடையாள அட்டை எண் போல அங்கே எல்லா இடத்திலும் இதைக் கேட்பார்கள். தகுதியுள்ள வேலை அனுமதி உடையவர்கள் இந்த எண்ணை வைத்துச் சிங்பாஸ் கணக்கைப் பதிந்துகொள்ளலாம். சிங்பாஸ் இருந்தால் பெரிய வங்கிகளின் செயலியிலேயே கணக்குக்கு விண்ணப்பிக்கலாம். அரசாங்கத்திடம் உள்ள உங்கள் விவரங்களை வங்கி நேரடியாக எடுத்துக்கொள்ளும், நகல் எடுக்கும் வேலை குறையும்.

சில நிறுவனங்கள் புதிய ஊழியர்களின் விண்ணப்பங்களை மொத்தமாக வங்கிக்கு அனுப்பிச் சம்பளக் கணக்கு திறந்து கொடுக்கின்றன. இது வசதிதான். ஆனால் அட்டை யார் கைக்கு வருகிறது, பாரத்தில் யாருடைய கைப்பேசி எண் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அலுவலக குமாஸ்தாவின் எண் இருந்தால், உங்கள் கணக்குக்கான உறுதிப்படுத்தும் செய்தியெல்லாம் அவருக்குத்தான் போகும்.

கணக்கு தயாராகுமுன் முதல் மாதச் சம்பள நாள் வந்துவிட்டால் பதற வேண்டாம். அந்த ஒரு மாதம் ரொக்கமாகவோ காசோலையாகவோ கேட்டு வாங்குங்கள், சம்பளச் சீட்டையும் சேர்த்தே வாங்குங்கள். வேலைவாய்ப்புச் சட்டத்தின் கீழ் வரும் ஊழியர்களுக்கு விவரமான சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டும் என்பது 2016 ஏப்ரல் முதல் அங்கே கட்டாயம். சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் வர வேண்டும் என்பதும் சட்டம். மிகைநேரச் சம்பளத்துக்கு 14 நாள். கையெழுத்துப் போடுமுன் தாளில் உள்ள தொகையும் கையில் உள்ள தொகையும் ஒன்றா என்று எண்ணிப் பாருங்கள்.

முகவரிதான் முட்டுக்கட்டை

நம் ஆட்களுக்கு அதிகம் இடிக்கும் இடம் முகவரிச் சான்று. தோட்டத்து லயத்தில் வளர்ந்த பிள்ளையின் அடையாள அட்டையில் இன்னும் தோட்ட முகவரியே இருக்கும். தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியாகி வருடங்கள் ஆகியிருக்கும். மின்சாரக் கட்டணச் சீட்டு அப்பா பெயரில், அல்லது தோட்ட நிர்வாகத்தின் பெயரில். ஜொகூர் பாருவில் வாடகை அறை என்றால் அங்கேயும் சீட்டு வீட்டுக்காரர் பெயரில். வங்கி கேட்பதோ உங்கள் பெயரும் இப்போதைய முகவரியும் சேர்ந்து அச்சாகிய, பொதுவாக மூன்று மாதத்துக்கு உட்பட்ட தாள்.

இதற்கு ஊரிலிருந்து கிளம்புமுன்பே ஏற்பாடு செய்வது நல்லது. முதலில் தேசியப் பதிவிலாகாவில் முகவரியை மாற்றுங்கள். அடுத்து உங்கள் மலேசிய வங்கியில் முகவரியை மாற்றி, அந்த முகவரியோடு ஓர் அறிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் மாதக் கட்டணக் கைப்பேசி இருந்தால் அதன் சீட்டும், ஊழியர் சேமநிதி வாரியம் அல்லது உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் கடிதமும் பல இடங்களில் எடுபடும். தாள் முழுக்க மலாயில் இருந்தால் ஏற்பார்களா என்பதையும் வங்கியிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

தினமும் போய் வருபவர்கள் செய்யும் ஒரு காரியம் உண்டு: “சிங்கப்பூர் முகவரி கொடுத்தால் சுலபம்” என்று நண்பனின் வாடகை வீட்டு முகவரியை எழுதிவிடுவது. வேண்டாம். ஜொகூரில் குடியிருந்து சிங்கப்பூரில் வேலை செய்வது குற்றமல்ல. ஜொகூர் முகவரியையே எழுதுங்கள். பொய் முகவரி கொடுத்தால் வங்கி அட்டை வேறொருவர் தபால் பெட்டியில் விழும். நண்பன் வீடு மாறியதும் கடிதம் எங்கே போகிறது என்றே தெரியாது. பிறகு வங்கி விவரங்களைச் சரிபார்க்கும்போது கணக்கை நிறுத்தி வைத்தால், மாதக் கடைசியில் திண்டாட்டம் உங்களுக்குத்தான்.

பெயரில் வரும் சிக்கல்

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாரத்திலோ குடும்பப் பெயர் ஒரு கட்டம், சொந்தப் பெயர் ஒரு கட்டம் என்று பிரித்திருப்பார்கள். ஒருவர் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எழுதுவார், மற்றொருவர் தன் பெயரையே இரண்டு கட்டத்திலும் எழுதுவார். நடுவில் உள்ள ஏ/எல், ஏ/பி என்பதைச் சிலர் சேர்ப்பார்கள், சிலர் விடுவார்கள். சாய்வுக் கோட்டை ஏற்காத கணினி முறைகளும் இருக்கின்றன.

விதி ஒன்றுதான்: கடப்பிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து. வேலை அனுமதியிலும் அதே வடிவம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் நிறுவனத்தின் வழி மனிதவள அமைச்சில் முதலில் திருத்துங்கள். வங்கிக் கணக்கு அதன் பிறகு. எழுத்துப் பிழை ஒன்றுதானே என்று விட்டுவிட்டால், பிற்பாடு ஊருக்குப் பணம் அனுப்பும்போது அனுப்புநர் பெயரும் பெறுநர் பெயரும் பொருந்தவில்லை என்று பணம் திரும்பி வரும். அம்மாவின் கணக்குக்கு அனுப்புகிறீர்கள் என்றால் அம்மாவின் வங்கிப் புத்தகத்தில் அவர் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்பதையும் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். நாம் வாயால் கூப்பிடும் பெயரும் பிறப்புப் பத்திரத்துப் பெயரும் வேறாக இருக்கும் குடும்பங்கள் நம்மில் நிறைய.

எந்தக் கணக்கு?

விளம்பரத்தில் கூடுதல் வட்டி என்று மின்னும் கணக்கு உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். முதலில் கேட்க வேண்டியது, “கணக்கில் குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும்? குறைந்தால் எவ்வளவு பிடிப்பீர்கள்?” என்பது. பலரும் திறக்கும் சேமிப்புக் கணக்குகளில் இந்தக் குறைந்தபட்ச இருப்பு ஒன்றில் 500 வெள்ளி, மற்றொன்றில் 1,000, வேறொன்றில் 3,000 என்று மாறும். குறைந்தால் மாதம் 2 வெள்ளியிலிருந்து 5 வெள்ளி வரை பிடிப்பது வழக்கம். மாதம் 5 வெள்ளி என்றால் வருடத்துக்கு 60 வெள்ளி. கணக்கைத் தொடாமலே போகும் காசு அது.

இங்கே ஒரு கணக்கு பலருக்குத் தெரிவதில்லை. வங்கி பார்ப்பது பொதுவாக மாதக் கடைசி இருப்பை அல்ல, தினசரி இருப்பின் சராசரியை. சம்பளம் 2,000 வெள்ளி வந்து, 5 நாள் இருந்து, முழுவதையும் ஊருக்கு அனுப்பிவிட்டால் மாதச் சராசரி சுமார் 333 வெள்ளி. 500 வெள்ளி வேண்டும் என்ற கணக்கானால் கட்டணம் விழும். அதே ஐந்து நாளுக்குப் பிறகு 200 வெள்ளியை மட்டும் மீதி 25 நாளும் விட்டுவைத்தால் சராசரி சரியாக 500 வெள்ளி. ஆக, 500 வெள்ளியை முடக்கிவைக்க வேண்டும் என்பதில்லை, அனுப்பும் நாளையும் தொகையையும் கவனித்தாலே போதும்.

வெளிநாட்டு ஊழியருக்கான சம்பளக் கணக்கு தனியாக வைத்திருக்கும் வங்கிகளில் இந்தக் கட்டணம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். மாதாமாதம் கிட்டத்தட்ட முழுச் சம்பளத்தையும் வீட்டுக்கு அனுப்புபவருக்கு வட்டியைவிட இதுதான் முக்கியம். நம்மவர்கள் அதிகம் போவது டிபிஎஸ் குழுமத்தின் பிஓஎஸ்பி. 1877-இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கியாகத் தொடங்கியது. பழையவர்கள் இன்னும் தபாலாபீஸ் பேங்க் என்றே சொல்வார்கள். ஓசிபிசி, யுஓபி, மேபேங்க், சிஐஎம்பி ஆகியவையும் இரு பக்கமும் இயங்குகின்றன. ஒரே பெயர் என்பதால் மேபேங்க் மலேசியக் கணக்கும் மேபேங்க் சிங்கப்பூர்க் கணக்கும் ஒன்றாகிவிடாது. அவை இரு நாட்டுச் சட்டத்தின் கீழ் உள்ள இரண்டு தனிக் கணக்குகள்.

பணத்தின் பாதுகாப்புக்கும் இரு பக்கமும் தனித்தனி வேலி. சிங்கப்பூரில் ஒரு வங்கியில் ஒருவர் வைத்திருக்கும் சிங்கப்பூர் வெள்ளிச் சேமிப்புக்கு 2024 ஏப்ரல் முதல் 100,000 வெள்ளி வரை காப்புறுதி உண்டு. மலேசியாவில் பிடாம் எனப்படும் வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகத்தின் வரம்பு 250,000 ரிங்கிட்.

வரிப் பாரத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம்

கணக்கு திறக்கும்போது, “எந்த நாட்டில் வரி செலுத்துபவர், வரி எண் என்ன” என்று ஒரு பாரம் வரும். அதைப் பார்த்துவிட்டு, “வரிக்காரனிடம் மாட்டிவிடுவார்கள்” என்று பாதியில் எழுந்து வருபவர்கள் இருக்கிறார்கள். நிதிக் கணக்கு விவரங்களைப் பரிமாறிக்கொள்ளும் பன்னாட்டு ஏற்பாட்டில் மலேசியா, சிங்கப்பூர் இரண்டுமே 2018-இல் பரிமாற்றத்தைத் தொடங்கிவிட்டன. எல்லா வெளிநாட்டவரிடமும் இதைக் கேட்டே ஆக வேண்டும். விவரம் கொடுப்பதால் உடனே வரி விழுவதில்லை. உள்ளதை எழுதுங்கள். மலேசிய வரி எண் தெரியாவிட்டால் உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் கேட்டால் சொல்வார்கள். அமெரிக்கக் குடிமகனா என்ற கேள்வியும் இருக்கும். அல்ல என்றால் அல்ல என்று குறியிட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

அட்டையும் இரகசிய எண்ணும்

கணக்கு உங்கள் பெயரில் இருந்து, ஏடிஎம் அட்டை இன்னொருவர் கையில் இருந்தால் அது உங்கள் கணக்கு அல்ல. “பத்திரமாக வைத்திருக்கிறேன்”, “கடன் அடையும் வரை என்னிடம் இருக்கட்டும்” என்று அட்டையையும் இரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. முதலாளி சம்பளம் முழுவதையும் கணக்கில் போட்டதாகத் தாளில் காட்டிவிட்டு, அதே அட்டையால் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்ள இதுவே வழி. வேலை கொடுத்ததற்காகவோ அனுமதியைப் புதுப்பித்ததற்காகவோ வெளிநாட்டு ஊழியரிடம் முதலாளி பணம் வாங்குவது சிங்கப்பூரில் குற்றம்; 30,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். உரிமம் பெற்ற முகவரும் நினைத்ததை வாங்க முடியாது. ஓராண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் ஊழியரிடம் வாங்கலாம்.

அட்டையை யாராவது பிடுங்கி வைத்திருந்தால், சண்டை போட்டு வாங்க வேண்டியதில்லை. வங்கிக்குப் பேசி அட்டை தொலைந்துவிட்டதாகச் சொல்லி முடக்குங்கள், புதியதுக்கு விண்ணப்பியுங்கள், தபால் முகவரி உங்களுடையதா என்று சரிபாருங்கள். பிறகு இரகசிய எண்ணையும் இணைய வங்கிச் சொல்லையும் மாற்றுங்கள்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. அனுமதி முடிந்து ஊர் திரும்பும் பையனிடம், “உன் கணக்கு உனக்கு இனி வேண்டாமே, 500 வெள்ளி தர்றேன், அட்டையும் சிங்பாஸும் கொடுத்துட்டுப் போ” என்பார்கள். வாங்குபவர்கள் மோசடிக் கும்பல்கள். ஏமாந்த யாரோ ஒரு முதியவரின் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும், பெயர் உங்களுடையது. கணக்கையோ சிங்பாஸையோ இப்படிக் கைமாற்றிவிடுபவர்களைப் பிடிப்பதற்கென்றே சிங்கப்பூர் சட்டத்தைத் திருத்தி, 2024 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. “என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது” என்பது இப்போது தப்பிக்கும் வழி அல்ல. மலேசியாவிலும் இதற்கெனக் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. ஐந்நூறு வெள்ளிக்கு ஆசைப்பட்டு இரு நாட்டிலும் வேலை தேட முடியாமல் போவதா?

கைப்பேசி எண்ணையும் கவனியுங்கள். முன்கட்டணச் சிம் காலாவதியானால் அந்த எண் பிறகு வேறொருவருக்குப் போகும். எண்ணை விடுமுன் வங்கியிலும் சிங்பாஸிலும் மாற்றிவிடுங்கள். கைப்பேசியையே மாற்றினால், புதியதில் வங்கியின் மின்னிலக்க அடையாளக் குறி செயல்படக் குறைந்தது 12 மணி நேரம் ஆகும். மோசடிக்காரர்களைத் தடுக்க வைத்த தாமதம் அது. சம்பள நாளன்று கைப்பேசியை மாற்றாதீர்கள்.

ஊருக்குப் பணம்

“கட்டணம் இல்லை” என்ற பலகையை மட்டும் பார்க்காதீர்கள். நாணய மாற்று விகிதத்தில் 2 காசு குறைத்துக் கொடுத்தால் 1,500 வெள்ளிக்கு 30 ரிங்கிட் போய்விடும். எல்லாக் கட்டணமும் போக, “1,500 வெள்ளி கொடுத்தால் அம்மா கணக்கில் எத்தனை ரிங்கிட் விழும்?” என்று இரண்டு மூன்று இடத்தில் ஒரே நாளில் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். சிங்கப்பூரின் பேநவ் முறையும் மலேசியாவின் டுயிட்நவ் முறையும் 2023 நவம்பரில் இணைக்கப்பட்ட பிறகு, பங்கேற்கும் வங்கிகளுக்கிடையே கைப்பேசி எண்ணை வைத்தே உடனுக்குடன் அனுப்ப முடிகிறது. ஒரு நாளைக்கு அனுப்பும் தொகைக்கு வரம்பு உண்டு. முதல் முறை 10 வெள்ளி அனுப்பி, சேர்ந்ததா என்று வீட்டில் கேட்டுவிட்டு மீதியை அனுப்புவது நல்லது.

ரொக்கமாகக் கொண்டு வருபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: 20,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் கொண்டு சிங்கப்பூரை விட்டுப் புறப்பட்டாலும், 10,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் கொண்டு மலேசியாவுக்குள் வந்தாலும் அறிவிக்க வேண்டும். சீட்டுப் பணம் மொத்தமாகக் கிடைத்தவர்கள் இதில் மாட்டுவதுண்டு.

இன்னொன்று. வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவருக்குச் சிங்கப்பூரின் மத்திய சேமநிதி கிடையாது, நிரந்தரவாசிகளுக்கே உண்டு. பத்து வருடம் பாலம் கடந்தவருக்கு ஓய்வுகாலத்துக்கென்று எதுவும் தானாகச் சேர்ந்திருக்காது. மலேசிய ஊழியர் சேமநிதியில் விருப்பச் சந்தாவாக ஆண்டுக்கு 100,000 ரிங்கிட் வரை நீங்களே செலுத்தலாம். மாதம் 200 ரிங்கிட்டாவது போடுபவர்களை விரல்விட்டு எண்ணலாம் என்பது வருத்தமான விஷயம். ஊரில் உள்ள வங்கிக் கணக்கையும் சாகவிடாதீர்கள். ஓராண்டு தொடாமல் விட்டால் அது செயலற்ற கணக்காகும். ஏழாண்டு கடந்தால் உரிமை கோரப்படாத பணமாக அரசாங்கத்திடம் போய், பிறகு மனுப் போட்டு வாங்க வேண்டிவரும்.

வேலை இல்லாமலே கணக்கு திறக்கலாமா?

சிங்கப்பூர் வெள்ளியில் சேமிக்க மட்டும் கணக்கு வேண்டும் என்பவர்களுக்கு வாசல் குறுகலானது. சில வங்கிகள் மலேசியக் கடப்பிதழையும் அடையாள அட்டையையும் வைத்துச் செயலி வழியே திறக்க விடுகின்றன. சில, பெரிய தொகையை வைப்பாகக் கேட்கும். சில மறுத்துவிடும். எதற்காகக் கணக்கு, பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விகளுக்கு நேரான பதில் வேண்டும். பிள்ளை அங்கே படிக்கிறான் என்றால் பள்ளியின் சேர்க்கைக் கடிதமும் மாணவர் அனுமதியும் போதுமான காரணம். வெறும் சேமிப்புக்குத்தான் என்றால், மலேசிய வங்கிகளிலேயே வெளிநாட்டு நாணயக் கணக்கு கிடைக்கும். அலைச்சல் மிச்சம்.

வேலை முடியும்போது, அல்லது ஆள் போய்விட்டால்

வேலை அனுமதி ரத்தானதும் வங்கிக் கணக்கு தானாக மூடிக்கொள்ளாது. இருப்பு குறைந்தால் மாதக் கட்டணம் அரித்துக்கொண்டே இருக்கும். கடைசிச் சம்பளமும் வரிக் கணக்கும் முடியும் வரை கணக்கைத் திறந்து வையுங்கள். வெளிநாட்டு ஊழியர் வேலையை விடும்போது நிறுவனம் வரித்துறைக்குத் தெரிவித்து, வரி முடியும் வரை கடைசிச் சம்பளத்தைப் பிடித்து வைப்பது சட்டப்படியான நடைமுறை. அந்தப் பணம் பின்னால் வந்து விழ ஓரிடம் வேண்டும். எல்லாம் வந்து சேர்ந்த பிறகு, கடந்த மாதங்களின் அறிக்கைகளைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டு கணக்கை முறையாக மூடுங்கள். அறிக்கைகள் ஏன் என்றால், சம்பள பாக்கிக்கு மனுச் செய்ய வேலையை விட்ட நாளிலிருந்து ஆறு மாதம் அவகாசம் உண்டு. மூடிய கணக்கின் அறிக்கையைச் செயலியில் எடுக்க முடியாது.

பேசத் தயங்கும் விஷயம் ஒன்று மீதி. பாலத்தில் மோட்டார் சைக்கிளில் போகும் பிள்ளைகளின் விபத்துச் செய்திகளை இந்தப் பக்கத்தில் எத்தனை முறை படித்திருக்கிறோம். மகனோ கணவனோ இறந்துவிட்டால், அவர் தனிப் பெயரில் உள்ள சிங்கப்பூர் வங்கிப் பணம் வீட்டாரிடம் தானாக வராது. அட்டையும் எண்ணும் தெரியும் என்று எடுக்கத் தொடங்குவது சிக்கலில் கொண்டு விடும். முதலில் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். சிறிய தொகையானால் என்ன பத்திரங்கள் போதும் என்று வங்கியையே கேட்கலாம். பெரிய தொகை என்றால் மலேசிய உயர் நீதிமன்றத்தில் நிர்வாகப் பத்திரம் பெற்று, அதைச் சிங்கப்பூர் நீதிமன்றத்தில் மறுமுத்திரை இட்டுக் காட்ட வேண்டிவரும். வழக்கறிஞர் செலவும் மாதக்கணக்கில் காத்திருப்பும் உண்டு. எந்த வங்கியில் கணக்கு என்பதே தெரியாத குடும்பங்களின் பாடு இன்னும் மோசம். இரகசிய எண்ணைச் சொல்ல வேண்டாம். வங்கியின் பெயர், கணக்கு எண், நிறுவனத்தின் பெயர், ஃபின் எண் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி, வீட்டில் அடையாளப் பத்திரங்கள் இருக்கும் பெட்டியில் வைத்துவிடுங்கள். மணமானவர்கள் கூட்டுக் கணக்கு பற்றியும் வங்கியில் கேட்டுப் பார்க்கலாம். இருவரும் நேரில் போக வேண்டியிருக்கலாம்.

உதவிக்கு: சம்பளமோ அட்டையோ பறிக்கப்பட்டால் சிங்கப்பூர் மனிதவள அமைச்சு 6438 5122, வெளிநாட்டு ஊழியர் நிலையம் 6536 2692. மோசடி என்று சந்தேகம் வந்தால் சிங்கப்பூரில் 1799, மலேசியாவில் 997. மலேசியாவிலிருந்து அந்த எட்டு இலக்க எண்களுக்குப் பேசும்போது முன்னால் 02 அல்லது 65 சேர்க்க வேண்டும்.